மணி அடிப்பதற்குள் முடிக்க ஓடும் பிள்ளைகள்

கர்நாடகப் பள்ளிக் கல்வித் துறை ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

பிரதிபா காரஞ்சி மேடையேறும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். பள்ளியில் தொடங்கி மாநில அளவு வரை போகும் இந்தப் போட்டியில் கன்னடத்தோடு தமிழ், உருது, தெலுங்கு ஒப்புவித்தலுக்கும் இடம் தந்திருக்கிறீர்கள். பெங்களூரின் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பெரிய காரியம்.

ஆனால் மேடையில் கேட்பது கவலை தருகிறது. மனப்பாடம் செய்தது மறந்துபோவதற்குள் கொட்டிவிட வேண்டும், மணி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஓடுகிறார்கள். 'எங்கேயும் நிற்காமல் சொன்னான்' என்று நாமும் கைதட்டுகிறோம். வேகம்தான் திறமை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கைதட்டல்தான்.

நம் மொழிகளில் இதனால் பொருளே கெடுகிறது. தமிழிலும் கன்னடத்திலும் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா எல்லாம் அந்தக் கடைசி அசைகளில்தான் இருக்கின்றன. ஓடுகிற பிள்ளைக்கு மூச்சு தீர்வதும் அங்கேதான். 'செய்யவில்லை' என்பதிலும் அதே பொருள் தரும் கன்னட 'மாடலில்ல' என்பதிலும் வால் தேய்ந்துபோனால், கேட்பவருக்கு விஷயம் தலைகீழாகப் போய்ச் சேரும். எதிரொலிக்கும் சிமெண்ட் கூடமும் அலறும் மைக்கும் சேர்ந்துவிட்டால் ஓர் அசையின் மேல் அடுத்தது ஏறிக்கொள்ளும். பின்வரிசைக்கு இரைச்சல்தான் மிஞ்சும்.

இதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. பாடத்தில் எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லலாம். பொருள் தெரியாமல் அந்தக் கோட்டைப் போட முடியாது என்பதால் அதுவே பாதிப் பாடம். ஒரு பிள்ளை பேசி முடித்ததும், கடைசி பெஞ்சுப் பிள்ளை கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். சொல்ல முடியவில்லை என்றால் பேசியவர் மறுபடி, நிதானமாகச் சொல்லட்டும். நடுவர்களின் மதிப்பெண் தாளிலும் 'கேட்பவருக்குப் புரிந்ததா' என்று ஒரு வரி வேண்டும். தாளில் எது இருக்கிறதோ அதைத்தான் ஆசிரியர்கள் பயிற்றுவிப்பார்கள்.

வாசிப்பிலும் இதே ஓட்டம். 2021-இல் தொடங்கிய மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்கிறது. 'பொருள் புரிந்து' என்பது வகுப்பறைக்கு வரும் வழியில் உதிர்ந்து, 60 மட்டும் தங்கிவிடக் கூடாது. விகுதிகள் ஒட்டி ஒட்டி நீளும் தமிழ், கன்னடச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒரே அளவல்ல. 2022-இல் என்.சி.இ.ஆர்.டி. 20 மொழிகளில் ஆய்வு நடத்தியபோது மொழிக்கு மொழி தனி அளவுகோல் வைத்தது. பிள்ளையின் முகத்துக்கு நேரே கடிகாரத்தைப் பிடிக்க வேண்டாம் என்று ஆசிரியர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

மெதுவாகப் பேசும் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் பெங்களூரின் சிவாஜிநகர், ஹலசூரு பிள்ளை மூன்றாம் மொழியில் சொல்லைத் தேடித்தான் பேசும். அதை மந்தம் என்று முத்திரை குத்துவது அநியாயம்.

திக்கிப் பேசும் பிள்ளைகளின் நிலை வேறு. 'மெதுவா பேசு, மெதுவா பேசு' என்று எல்லோர் முன்னாலும் சொல்வது திக்கலைக் குறைக்காது, பயத்தைத்தான் கூட்டும். அவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பதும், வாக்கியத்தை நாம் முடித்து வைக்காமல் இருப்பதும்தான் வகுப்பறை செய்யக்கூடிய உதவி. மற்றதைப் பேச்சுப் பயிற்சி வல்லுநர் பார்த்துக்கொள்வார். பேச்சு, மொழிக் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸும் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்புத் திறன் நிறுவனமும் இருக்க, அரசுப் பள்ளி ஆசிரியருக்கு யாரிடம் அனுப்புவது என்று தெரியாமல் இருக்கலாமா? அந்த வழியை ஒவ்வொரு பள்ளிக்கும் எழுத்தில் கொடுங்கள். போட்டிகளில் இந்தப் பிள்ளைகளுக்கு நேரக்கெடு இல்லை என்றும் அறிவியுங்கள்.

அடுத்த பிரதிபா காரஞ்சிச் சுற்றறிக்கையிலேயே இவற்றைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு