அந்த ஒரு வருஷக் கெடு

விசாகப்பட்டினம் போகிறேன் என்றால் சிலர் சிம்மாசலம் தரிசனமா என்று கேட்பார்கள். சிலர் அரக்கு பள்ளத்தாக்கா என்பார்கள். என் வயதுக்காரர்கள் மட்டும் லேசாகச் சிரித்துக்கொண்டு, "மரோ சரித்ராவா?" என்பார்கள். ஆமாம், அதற்காகத்தான் நானும் என் மனைவியும் போன ஜனவரியில் ரயிலேறினோம்.

1978-இல் பாலசந்தர் எடுத்த தெலுங்குப் படம். கறுப்பு வெள்ளை. கமலஹாசனும், அந்தப் படத்தில் அறிமுகமான சரிதாவும். எம்.எஸ்.வி. இசை. தமிழ்ப் பையன் பாலு, பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண் ஸ்வப்னா. டப்பிங் செய்யாமலேயே சென்னை சபையர் தியேட்டரில் 596 நாள் ஓடியது. 'ரா', 'போ' தவிரத் தெலுங்கு தெரியாத நாங்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். இன்று மவுண்ட் ரோடில் சபையர் இல்லை. விசாகப்பட்டினத்துக் கடல் இருக்கிறது.

நகரத்திலிருந்து பீமிலி என்கிற பீமுனிப்பட்டினம் வரை கடலை ஒட்டியே சாலை. வலப்பக்கம் முழுக்க அலை. வழியில் ருஷிகொண்டா கடற்கரை, பிறகு எர்ரமட்டி திப்பலு என்ற செம்மணல் மேடுகள். பீமிலியில் கோஸ்தனி ஆறு கடலில் சேருகிறது. டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்த ஊர். அவர்களுடைய பழைய கல்லறைகள் இன்னமும் இருக்கின்றன. ஆட்டோக்காரத் தம்பியிடம் படத்தின் பெயரைச் சொன்னேன். "2010-இல வந்த கலர் படமா சார்?" என்றார், பாதித் தமிழில். அது மறுபதிப்பு, நான் சொல்வது அசல் என்று புரியவைப்பதற்குள் பீமிலியே வந்துவிட்டது.

போய்வந்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தப் படத்தில் நமக்கு நினைவிருப்பது கடலும் பாட்டும் அந்த லிஃப்ட் காட்சியும்தான். முக்கியமான ஒன்றை வசதியாக மறந்துவிட்டோம். பெரியவர்கள் வைத்த கெடு. ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், பார்க்கக் கூடாது, கடிதம் கூடாது. அதற்குப் பிறகும் காதல் இருந்தால் கல்யாணம். இரு வீட்டாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. நம்மைப் போன்றவர்கள். நியாயமாகப் பேசுவதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த ஒரு வருஷத்துக்குள்தான் சந்தேகம் வருகிறது, வேறொருத்தி வருகிறாள், வன்மம் வளர்கிறது. சேரப்போகிற வேளையில் இரண்டு பேரும் கடலோடு போகிறார்கள்.

என் நண்பர் ஒருவர் சபையரில் அந்தப் படத்தை ஏழு தடவை பார்த்தவர். கர்சீப் நனைய அழுதவர். அவர் பேத்தி, கூட வேலை பார்க்கும் தெலுங்குப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள். இவர் சொன்ன பதில், "ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாம்." அதுவரை அவள் அவனோடு பேசவும் கூடாதாம். எந்தப் படத்து வசனம் இது என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வாக்கிங் வரவில்லை.

அவசரப்படாதே என்று பிள்ளைகளிடம் சொல்வதில் தப்பில்லை. பாலுவும் ஸ்வப்னாவும் சின்ன வயசு. பெற்றவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் அவகாசத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்துகொள்ளட்டும், இரு குடும்பமும் பழகட்டும் என்று கொடுப்பது ஒன்று. பிரித்து வைத்தால் மறந்துவிடுவார்கள் என்ற நப்பாசையில் கொடுப்பது இன்னொன்று. முதலாவது பொறுப்பு. இரண்டாவதற்கு நாம் வைத்திருக்கும் நாகரிகமான பெயர்தான் பொறுமை. பையனை வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு வேளை சாப்பாடு போட்டாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். கோங்குரா நமக்குப் புளிக்கலாம், ஆனால் சாப்பிட்டுப் பழகிக்கொள்ளலாம்.

மொழி தெரியாத படத்தை ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடவைத்த தலைமுறை நாம். மொழி தெரியாத மாப்பிள்ளை வந்தால் மட்டும் ஏன் தடுமாற வேண்டும்? திரையில் வந்தபோது அழுதோம்; வீட்டுக்குள் வரும்போது ஜாதகம் கேட்கிறோம். கறுப்பு வெள்ளைக்கு மட்டும் காட்டிய இரக்கம் என்ன இரக்கம்?

விசாகப்பட்டினம் அவசியம் போங்கள். டிசம்பர், ஜனவரி நல்லது; வெயில் நம் வயதுக்குத் தாங்கும். பீமிலியில் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டில் யாருக்காவது கெடு வைத்திருந்தால், அதை முதலில் எடுத்துவிட்டுப் போங்கள்.