கொல்லைப்புறத்தில் ஒரு கொல்லுப்பட்டறை

"ஏன்டா, நீ என்ன கொல்லர் வீட்டுப் பையனா?"

என் இடது கையில் இருக்கும் சின்னத் தீக்காயத்துக்குக் காரணம் சொன்னபோது வகுப்பு நண்பன் கேட்ட கேள்வி இது. கிண்டலாகத்தான் கேட்டான், நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. கிடார் வாசிக்கிறேன் என்று சொல்பவனிடம் யாரும் "நீ எந்த வீட்டுப் பையன்" என்று கேட்பதில்லை. இரும்பு அடிக்கிறேன் என்றால் மட்டும் ஏன் கேட்கிறோம்?

சரி, முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏலகிரி மலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பலா மரத்தைத் தாண்டி, ஒரு சின்னக் கொல்லுப்பட்டறை போட்டிருக்கிறேன். நான்கு கல்தூண், மேலே தகரம், சுவர் கிடையாது. தரையில் ஓர் உலைக்குழி, பக்கத்தில் ஒரு பட்டறைக்கல். அவ்வளவுதான். சனி, ஞாயிறுகளில் அங்கே களைக்கொத்தும் கத்தியும் அடிக்கப் பழகுகிறேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் இந்த வேலை செய்ததில்லை.

மலையிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் ஒரு பக்கம் ஜோலார்பேட்டை, இன்னொரு பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர். ஊரைச் சொன்னாலே தோலும் செருப்பும்தான் நினைவுக்கு வரும். நண்பன் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது என்பது என் கட்சி.

தோல் வேலை ஒரு காலத்தில் என்னவாக இருந்தது? பிறப்பால் சிலர் தலையில் கட்டப்பட்ட வேலை. செய்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய வேலை. 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பம் பி.டெக். படிப்பாக இருக்கிறது. இன்று ஒருவர் "லெதர் டெக்னாலஜி படிக்கிறேன்" என்றால் "வேலை எங்கே கிடைக்கும்" என்றுதான் கேட்பார்கள், "நீ யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்பது குறைவு. சாதி முழுசாகப் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. தோலைத் தொட்டு வேலை செய்யும் தொழிலாளியைக் கேட்டால் வேறு கதை சொல்வார். ஆனாலும் அந்த அறிவுக்கு ஒரு பொதுக் கதவு திறந்திருக்கிறது. மதிப்பெண் இருந்தால் யாரும் நுழையலாம்.

கொல்லுவேலைக்கு அப்படி ஒரு கதவு எங்கே? பொறியியல் படிக்கும் நண்பர்களே, முதலாம் ஆண்டுப் பட்டறைப் பயிற்சியை நினைத்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008, 2013 பாடத்திட்டங்களில் வெல்டிங்கை நம் கையால் செய்ய வேண்டும். 'ஸ்மித்தி' என்ற கொல்லுவேலை மட்டும் செய்து காட்டும் பகுதியில் இருந்தது. அறுகோணத் தலை போல்ட் எப்படி அடிப்பது என்று ஒருவர் காட்டுவார், நாம் சுற்றி நின்று பார்த்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைவோம். நீச்சலைக் கரையில் நின்று பார்த்த மாதிரி!

இத்தனைக்கும் இரும்பு நமக்குப் புதிய பொருள் இல்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் தேதிகள் கி.மு. 3345 வரை போகின்றன என்று 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. வாட்ஸ்அப்பில் எல்லோரும் பெருமையாக அனுப்பினோம். அனுப்பியவர்களில் எத்தனை பேர் ஓர் இரும்புத் துண்டைச் சிவக்கக் காய்ச்சி ஓர் அடியாவது அடித்திருப்போம்?

அதனால்தான் வீட்டில் போட்டேன். பெரிய செலவு இல்லை, எனக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. போட நினைப்பவர்களுக்காக நான் கற்றதைச் சொல்கிறேன்.

உலைக்குத் தரையில் ஒரு முழம் குழி, சுற்றிலும் களிமண் பூச்சு, காற்று வர ஓர் இரும்புக் குழாய் போதும். குழாய் துத்தநாகப் பூச்சு உள்ளதாக இருக்கவே கூடாது. துத்தநாகம் சுமார் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். உலையின் சூடு அதைவிட அதிகம். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர் காய்ச்சல் மாதிரி ஆளைப் போட்டுவிடும். காற்றுக்கு அந்தக் காலத்தில் தோல் துருத்தி. (தோலும் இரும்பும் எப்போதும் உறவுக்காரர்கள்தான் பாருங்கள்!) நான் கையால் சுற்றும் பழைய ஊதி ஒன்று வாங்கினேன். எரிபொருள் அடுப்புக்கரி. மூடிய அறையில் இதைச் செய்யவே கூடாது, கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எனக்குச் சுவர் இல்லாததற்குக் காரணம் ஏழ்மை மட்டும் அல்ல!

பட்டறைக்கல்லுக்கு எல்லோரும் சொன்ன யோசனை, "ஜோலார்பேட்டை பக்கத்திலேயே இருக்கே, ஒரு தண்டவாளத் துண்டு வாங்கிக்கோ." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் திருட்டு ரயில்வே பொருள் கையில் இருந்தாலே 1966-ம் ஆண்டுச் சட்டப்படி சிறை வரை போகலாம். பில் இல்லாமல் தண்டவாளம் வாங்காதீர்கள். ஒரு பெரிய சம்மட்டித் தலையைக் கனமான மரக்கட்டையில் பதித்தால் ஆரம்பத்துக்கு அதுவே தாராளம்.

மற்றபடி ஒரு கிலோ சுத்தியல், இரண்டு குறடு, அரம், வாளியில் தண்ணீர், இன்னொரு வாளியில் மணல், கண்ணாடி. உடம்பில் பருத்திச் சட்டை, காலில் தோல் செருப்பு அல்ல, தோல் ஷூ. நைலான், பாலியஸ்டர் துணி போட்டுக்கொண்டு உலைப் பக்கம் போனால் தீப்பொறி பட்டு உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். என் கைக் காயம் அப்படி வந்ததுதான். வைத்திருந்த அறிவுரையை எல்லாம் மறந்து, கல்லூரி விழாவுக்கு வாங்கிய சட்டையோடு உட்கார்ந்தேன்.

அதைவிடப் பெரிய அடி வேறு. லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு கத்தி அடித்தேன். மூன்று வாரம். அடித்து, அரம் போட்டு, அழகாக வந்தது. கடைசியில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் விட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம். முனையிலிருந்து நடுவரை விரிசல். அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் உடைந்த கத்தியை எடுத்துக்கொண்டு அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். கையில் வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இத ஏன் தண்ணியில வுட்ட? பட்டையின்னா எண்ணெய்லதான் வுடணும். அதுவும் இவ்ளோ சிவக்க வுடக் கூடாது."

"எவ்வளவு சிவக்கணும் தாத்தா?"

"இருட்டுல வச்சிப் பார்த்தாதான் தெரியும். நாளைக்குச் சாயங்காலம் வா."

போனேன். அதன் பிறகு ஆறு மாதம் போனேன். கொல்லர்கள் அந்த வேலையைத் துவைச்சல் என்கிறார்கள். நம் பாடப்புத்தகம் சொல்வதும் அவர் சொல்வதும் ஒன்றுதான். இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டாமல் போகும், அதற்குக் கொஞ்சம் மேலே போனதும் எண்ணெயில் விட வேண்டும், பிறகு 200 முதல் 250 டிகிரிக்குள் மறுபடி காய்ச்சினால்தான் கத்தி கண்ணாடி மாதிரி உடையாது. நான் காந்தம் வைத்துப் பார்ப்பேன், அவர் கண்ணால் பார்ப்பார். மறுபடி காய்ச்சும்போது இரும்பின் மேல் வைக்கோல் நிறம் படரும், அதில் நிறுத்த வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், பார்த்தது அவர் பட்டறையில்தான்.

அவருடைய மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். "நல்லதாப் போச்சு" என்கிறார் பெரியவர். வருத்தமே இல்லை. இந்த இடத்தில்தான் நான் கவனமாகப் பேச வேண்டும்.

பரம்பரைத் தொழில் அழிகிறதே என்று நான் அழவில்லை. அப்பன் வேலையைப் பிள்ளை செய்ய வேண்டும் என்ற நினைப்பில் வந்த 1953-ம் ஆண்டுக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்த நாடு இது. 1954-ல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. சரியான முடிவு. 2023-ல் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் கொல்லர் உட்பட 18 தொழில்கள் உண்டு, வயது 18 ஆனால் போதும், ஆனால் குடும்பவழித் தொழில் என்ற பேச்சு அதில் இருந்தது. தமிழக அரசு அதை ஏற்காமல் 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் குடும்பத் தொழில் நிபந்தனை கிடையாது, குறைந்தபட்ச வயது 35. பையன்கள் படிப்பை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விடக் கூடாது என்ற அக்கறை. அந்த அக்கறை எனக்குப் புரிகிறது, நான் அதன் பக்கம்தான்.

ஆனால் ஒரு கேள்வி. கொல்லர் வீட்டுப் பிள்ளைக்கு வெளியே போகக் கதவு திறந்தோம், சந்தோஷம். மற்ற வீட்டுப் பிள்ளை உள்ளே வரக் கதவு எங்கே? ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவாக இருந்தால், அந்தப் பெரியவர் காலத்தோடு அந்த அறிவு முடிந்துவிடும். "இது அவங்க வேலை" என்ற எண்ணம் மட்டும் மிச்சம் இருக்கும். வேலையை நிறையப் பேர் விரும்பிக் கற்றால்தான் 'அவங்க' என்ற சொல் செத்துப்போகும்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு இல்லையா என்று கேட்பீர்கள். நியாயம். தோல் பதனிடும் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில், கெடுத்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்றது. என் பட்டறை சின்னதுதான், ஆனால் விதி அதேதான். 2000-ம் ஆண்டு ஒலி விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்கின்றன. நான் காலை பத்து மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் சுத்தியலைத் தொடுவதில்லை. கல்லைச் சுற்றி ஒரு சங்கிலி கட்டினால் கணீர் சத்தம் பாதி குறைகிறது. மலையைச் சுற்றிக் காடு. கோடையில் சருகு ஒரு பொறிக்குக் காத்திருக்கும். ஆஸ்திரேலியக் கிராமங்களில் வீட்டுக் கொட்டகையில் இதே வேலை செய்பவர்கள் உண்டு. அங்கே முழுத் தீத்தடை நாள் என்று அறிவித்துவிட்டால் திறந்தவெளியில் தீ மூட்ட முடியாது. நமக்கு யாரும் அறிவிப்பதில்லை என்பதால் நானே வைத்துக்கொண்டேன்: காற்று பலமாக அடித்தால் உலை கிடையாது, மார்ச் முதல் மே வரை உலையே கிடையாது.

கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு நாளாவது அந்தச் சுத்தியலை மாணவர் கையில் கொடுங்கள். காட்டுவதற்கு ஊர்க் கொல்லர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து, ஆசிரியராக, நாற்காலி போட்டு அழையுங்கள்.

நண்பனுக்கு இப்போது பதில்: இல்லை மச்சி, நான் கொல்லர் வீட்டுப் பையன் இல்லை. அடுத்த சனிக்கிழமை நீயும் மலைக்கு வா. பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு வா.