இல்லம் இனிது: மூலிகைகளுக்கு ஓர் அலமாரி



சில மாதங்களுக்கு முன் நமக்கு நெருங்கிய ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டின் மூதாட்டியார் எண்பது வயதைக் கடந்து, நோயில் பூசுதல் பெற்று, அமைதியாக இறைவனடி சேர்ந்திருந்தார். அத்தெருவில் எந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் முதலில் தட்டப்படும் கதவு அவருடையதே. முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபின், மருமகள் சமையலறைப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே செய்தித்தாளில் மடித்த பொட்டலங்கள் நாற்பதுக்குக் குறையாமல் இருந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை. சிலவற்றில் வண்டு விழுந்திருந்தது. சிலவற்றில் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

"அத்தை இருந்தால் மோந்து பார்த்தே இன்னதென்று சொல்லிவிடுவார்கள். எனக்கு என்ன தெரியும்?" என்று கண் கலங்கிய அவர், அத்தனையையும் குப்பையில் கொட்டினார்.

அவர் செய்தது சரியே. பெயர் தெரியாத மருந்தை எவர் வாயிலும் இடலாகாது. ஆயினும் அன்று குப்பைக்குப் போனவை வெறும் சருகுகள் அல்ல. ஒரு தாயார் அறுபது ஆண்டுகள் சேர்த்த அறிவும் அவற்றோடு போயிற்று. ஐந்தங்குல அகலப் பலகையும், இருபத்துநான்கு புட்டிகளும், ஒரு பேனாவும் இருந்திருந்தால் அதனைக் காப்பாற்றியிருக்கலாம். ஆகவே இம்மாதம், உலர்ந்த மூலிகைகளை வைப்பதற்குச் சமையலறையில் அழகான ஓர் அலமாரி அமைப்பது பற்றிப் பேசுவோம்.

துறவியர் காட்டிய வழி

இது நமக்குப் புதியதன்று. சுவிட்சர்லாந்து நாட்டில் புனித கால் மடத்து நூலகத்தில் 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையப்பெற்ற ஒரு வரைபடம் இன்றும் காக்கப்படுகிறது. ஒரு துறவு மடம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதனை அது காட்டுகிறது. அதில் மருத்துவர் இல்லத்தை அடுத்து 16 பாத்திகள் கொண்ட மூலிகைத் தோட்டம் உண்டு. ஒவ்வொரு பாத்தியிலும் செடியின் பெயர் எழுதப்பட்டுள்ளது. மருத்துவர் இல்லத்தினுள்ளோ, மருந்துகளை வைப்பதற்கென்றே தனியிடம் குறிக்கப்பட்டுள்ளது. வளர்ப்பதற்கு ஓர் இடம், வைப்பதற்கு ஓர் இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அத்துறவியரின் ஒழுங்கு நம் சமையலறைக்கும் பொருந்தும்.

எங்கே அமைப்பது?

பெரும்பாலோர் அடுப்பிற்கு நேர் மேலேயே தட்டு அமைக்கின்றனர். கைக்கு எளிது என்பது உண்மை. மூலிகைக்கோ அதனினும் கேடான இடம் வேறில்லை. மூலிகையின் மணமும் குணமும் பெரும்பாலும் அதிலுள்ள எளிதில் ஆவியாகும் எண்ணெயைச் சார்ந்தவை. வெப்பம் பட்டால் அந்த எண்ணெய் பறந்துவிடும். கொதிக்கும் பானையின் ஆவியால் இலை நமுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் நேரே படும் சன்னலோரமும் ஆகாது. பசுமை வெளுத்து, மணமும் குன்றும். குளியலறையை ஒட்டிய ஈரச்சுவரையும் தவிர்க்க வேண்டும். அடுப்பிலிருந்து குறைந்தது நான்கடி தள்ளி, வெயில் படாத உட்சுவர் ஒன்றைத் தேர்ந்துகொள்க.

அலமாரியின் அடிப்பலகை தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கட்டும். தவழும் குழந்தைக்கு எட்டாது. பாட்டியாரும் முக்காலி போட்டு ஏறவேண்டியதில்லை.

எவ்வாறு செய்வது?

முக்கால் அங்குலக் கனமும் ஐந்து அங்குல அகலமும் உள்ள பலகை 17 அடி நீளம் போதும். வேம்பு, பலா, தேக்கு எதுவாயினும் நன்று. இடித்த வீட்டின் பழைய கதவு, சன்னல் மரம் கிடைத்தால் இன்னும் நன்று. நன்கு காய்ந்த அம்மரம் எளிதில் வளையாது.

பக்கப் பலகைகள் இரண்டினை 25 அங்குலமாகவும், தட்டுகள் நான்கினை 34½ அங்குலமாகவும் அறுத்துக்கொள்க. தட்டுகளைப் பக்கப் பலகைகளுக்கு இடையே பொருத்தினால் மொத்த அகலம் மூன்றடி வரும். கீழறைக்கு 9 அங்குலம், நடுவறைக்கு 7, மேலறைக்கு 6 என உயரம் விடுக. வேர், பட்டை முதலிய கனத்த புட்டிகள் கீழே, இலைகள் நடுவே, பூக்களும் சிறு புட்டிகளும் மேலே.

ஐந்தங்குல அகலம் போதுமா என்று கேட்பீர்கள். அதுவே இவ்வமைப்பின் சிறப்பு. புட்டிகள் ஒரே வரிசையாக மட்டுமே நிற்க முடியும். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் பின்னால் நிற்பது மறக்கப்படும், மறக்கப்பட்டது கெடும். மூன்றரை அங்குல விட்டமுள்ள புட்டிகள் அறைக்கு எட்டாக, மூன்று அறைகளிலும் 24 நிற்கும். ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் ஓரங்குல உயரமுள்ள மெல்லிய சட்டம் ஒன்றினைப் பதித்தால், கை தவறினாலும் புட்டி விழாது.

அறுத்த பலகைகளை இழைப்புளியால் இழைத்து, உப்புத்தாளால் தேய்த்து, விளிம்புகளைச் சற்றே உருட்டிவிடுக. ஆணியைவிடத் திருகாணி நன்று. முதலில் சிறு துளையிட்டு முடுக்கினால் பலகை பிளவாது. பின்புறம் மெல்லிய பிளைவுட் அடித்தால் அலமாரி கோணாமல் நிற்கும். பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே அரையங்குலக் கட்டைகளை வைத்துக் காற்றோட இடம் விடுக. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் வியர்க்கும்போது இதன் அருமை விளங்கும். மாட்டும் திருகாணி பூச்சைக் கடந்து செங்கல்லினுள் செல்ல வேண்டும். பூச்சு மட்டும் பாரம் தாங்காது. முன்பக்கம் கொண்டியுடன் இரு மெல்லிய கதவுகள் வைக்கலாம். வசதியில்லையேல் கனத்த கைத்தறித் துணியில் ஒரு திரை போதும். வெளிச்சம் தடைபட்டால் சரி. வார்னிஷ் பூசினால், அதன் வாடை முற்றும் நீங்கிய பின்னரே புட்டிகளை அடுக்குக. ஒரே அளவான புட்டிகளைச் சேர்த்து வைத்தால் அதுவே அழகு. வேறு அலங்காரம் வேண்டியதில்லை.

மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்தினார். கோடை விடுமுறையில் வரும் அந்நாளில் தந்தை பலகை அறுக்க, மகன் உப்புத்தாள் தேய்க்க, மகள் அளவு குறிக்க இவ்வேலையைத் தொடங்கலாம். நாசரேத்துத் தச்சருக்கு அது உகந்த காணிக்கையாகும்.

புட்டியும் பெயரும்

தூதுவளை, துளசி, புதினா, முருங்கை இலை ஆகியவற்றைக் கழுவி, நீர் வடித்து, நிழலில் உலர்த்துக. கையில் நொறுக்கினால் பொடியாக வேண்டும்; காம்பு வளையாமல் ஒடிய வேண்டும். அதற்கு முன் புட்டியில் அடைத்தால் பூஞ்சணம் உறுதி. இயன்றவரை முழு இலையாக வைத்து, வேண்டும்போது பொடிப்பது நன்று. பொடி விரைவில் மணம் இழக்கும். இலைகளை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை ஆகியன நன்கு உலர்ந்திருந்தால் அதனினும் நெடுநாள் தாங்கும்.

இனி, முதன்மையான வேலை. வசம்பைப் 'பேர் சொல்லா மருந்து' என்பர் நம் தாய்மார். சொல்லாமல் விட்டாலும் எழுதாமல் விடலாகாது. ஒவ்வொரு புட்டியிலும் பெயர், உலர்த்திய நாள், எதற்காக என்னும் மூன்றினையும் எழுதி ஒட்டுக. இரவு செபமாலை முடிந்தபின் நாளுக்கொரு புட்டியாகப் பாட்டியார் சொல்ல, பேத்தி எழுதட்டும். செடியை எங்கே பறித்தார், யாரிடம் கற்றார், எவ்வளவு கொடுப்பார், யாருக்குக் கொடுக்கமாட்டார் என்பனவற்றை ஒரு நோட்டில் குறித்து, அலமாரியின் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிடுக. ஒரு மாதத்திற்குள் அவ்வீட்டின் மருத்துவ அறிவு முழுவதும் எழுத்தில் ஏறிவிடும். முதியவரிடம் இவ்வாறு கேட்டு எழுதுவதும் அவரைக் கனம்பண்ணுவதாகும்.

சில எச்சரிக்கைகள்

வெளிப்பூச்சுக்கு மட்டும் உரிய பொருள்களை இவ்வலமாரியில் வைக்கவே கூடாது. ஊமத்தை விதை பார்வைக்கு மிளகாய் விதையை ஒத்திருக்கும். ஆனால் கொடிய நஞ்சு. இனிப்பாயிருக்கிறதென்று அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் உயரும். கருவுற்ற தாய்மாருக்கும், கைக்குழந்தைகளுக்கும், வேறு மருந்து உண்போருக்கும் மருத்துவரைக் கேளாமல் எதையும் கொடுக்காதீர்கள். விடாத காய்ச்சலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனையே. ஆண்டவரே மண்ணிலிருந்து மருந்துகளைத் தோற்றுவித்தார் என்று கற்பிக்கும் சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம், மருத்துவரைக் கனம்பண்ணுமாறும் அங்கேயே கட்டளையிடுகிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஒதுக்க நமக்கு உரிமையில்லை.

முடிவாக ஒன்று. புதினா, சீரகம் போன்ற சிறு செடிகளிலும் பத்திலொரு பங்கைத் தவறாது செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் மறந்தோரை நம் ஆண்டவர் கடிந்துகொண்டார் என்று புனித மத்தேயு எழுதுகிறார். சிறியவற்றை விட்டுவிடும்படி அவர் சொல்லவில்லை. பெரியவற்றையும் மறவாதீர்கள் என்றார். நம் அலமாரிக்கும் இதுவே அளவுகோல். புட்டிகள் வரிசையாக நின்று, அண்டை வீட்டுக்காரர் கேட்டு வரும்போது கதவு மூடியிருந்தால் அந்த அழகினால் பயனில்லை. தட்டிய கதவைத் திறந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்த அந்த மூதாட்டியாரிடம் ஒழுங்கான அலமாரி இல்லை, இரக்கம் இருந்தது. நம் இல்லங்களில் இரண்டும் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் இருப்பாராயின், பலகை வாங்கும்வரை காத்திராதீர்கள். பேனாவை இன்றிரவே எடுங்கள்.