சிறு கொம்பும் தெளிந்த சொல்லும்



வானை நோக்கி நிற்கும் கிண்ண ஆன்டெனாவைக் கண்டு வியப்போர் பலர். அதன் குவியத்தில் அமர்ந்திருக்கும் சிறு கொம்பை ஏறெடுத்துப் பார்ப்போர் மிகச் சிலர். 'ஃபீட்' என்று வழங்கும் அதனை இங்கே 'ஊட்டி' என்போம். மலைநகரை நினைத்துவிட வேண்டா!

பெங்களூரை அடுத்த பையலாலுவில் 2008இல் சந்திரயான்-1 பயணத்துக்கென எழுந்த கிண்ணத்தின் குறுக்களவு 32 மீட்டர். எத்துணைப் பெரிதாயினும் கிண்ணம் ஒரு கண்ணாடியே. அலைகளைத் திரட்டிக் குவியத்துக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. அங்கே அவற்றை ஏற்பதும், அனுப்பும்போது கிண்ணத்தின் மீது அளவாகப் பரப்புவதும் ஊட்டியின் பொறுப்பு. அகலப் பரப்பினால் அலை விளிம்புக்கு வெளியே சிந்தி வீணாகும். ஒடுக்கிப் பரப்பினால் கிண்ணத்தின் ஓரம் வேலையற்று நிற்கும். இலக்கைப் பின்தொடரும் ராடாரில் நான்கு கொம்புகளை அருகருகே அமைப்பதுண்டு. இலக்கு நடுவே இருந்தால் நான்கிலும் அலை சமம். சற்றே விலகினால், எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அந்த வேறுபாடே காட்டிவிடும்.

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது நம் பழமொழி. 1962 ஜூலையில் அதற்குச் சான்று கிடைத்தது. டெல்ஸ்டார் துணைக்கோள் வழியே அமெரிக்காவிலிருந்து தொலைக்காட்சிப் படம் வந்த முதல் இரவு அது. பிரான்சு நாட்டு நிலையத்தில் படம் தெளிவாகத் தெரிந்தது. இங்கிலாந்தின் கூன்ஹில்லியிலோ 26 மீட்டர் அகலமும் 1,100 டன் எடையும் கொண்ட ஆன்டெனா மங்கலான படத்தையே பெற்றது. கிண்ணத்தில் பழுதில்லை; ஊட்டியில் ஒரு சிறு உறுப்பு தலைமாறிப் பொருந்தியிருந்தது. காரணம் யாது? சுழன்று வரும் அலையின் திசையைக் குறிக்கும் சொல்லில் இருந்த ஈரடி! அலையின் பின்னே நின்று பார்ப்பவனுக்கு வலச்சுழற்சியாவது, எதிரே நின்று பார்ப்பவனுக்கு இடச்சுழற்சி. உறுப்பைத் திருத்தியதும் அடுத்த இரவே படம் தெளிந்தது.

ஆயிரம் டன் ஆன்டெனாவைத் தெளிவற்ற ஒரு சொல் தோற்கடித்தது! நாம் எத்தனை சொற்களை இவ்வாறே விளங்காமல் மனப்பாடம் செய்து, சூத்திரத்தில் இட்டு, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம்! பாடநூலின் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னே அறியாமை ஒளிந்துகொள்ள இடமுண்டு. அதனையே வீட்டு மொழியில் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்கப் புகுந்தால், அறிந்தது எவ்வளவு, அறியாதது எவ்வளவு என்பது மறுகணமே தெரிந்துவிடும்.

"தமிழில் பேசினால் வேலை கிடைக்குமா? கலைச்சொல் இருக்கிறதா?" என்று கேட்பீர்கள். ஆய்வுக் கட்டுரையைத் தமிழில் எழுதச் சொல்லவில்லை. ராடாரை ராடார் என்றே சொல்லுங்கள்; குற்றமில்லை. பொருள் விளங்கியதா என்பதே என் கேள்வி. அதற்குத் தாய்மொழியினும் நல்ல உரைகல் இல்லை என்பதே என் துணிபு.

நம் சங்கம் பொங்கல் விழா நடத்துகிறது, பட்டிமன்றமும் நடத்துகிறது. நன்று, நடக்கட்டும். அவற்றோடு திங்களுக்கு ஒரு மாலையை அறிவியலுக்கு ஒதுக்குவோம். ஒருவர் தம் ஆய்வைப் பிற துறைத் தோழரும் விளங்கிக்கொள்ளுமாறு தமிழில் கூறட்டும். கேட்போர் கூச்சமின்றி, "நீங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள்?" என்று வினவட்டும்.

முதல் மாலையில் ஊட்டியைப் பற்றிப் பேச நான் ஆயத்தம். இரண்டாம் மாலைக்கு யார் வருகிறீர்கள்?