பிரெஞ்சுக்கும் ஆங்கில வாசலா?

பிரான்ஸ் தேசம் 2024 ஜனவரி 26ஆம் நாள் குடிவரவுச் சட்டமொன்றை இயற்றியது. சில விதிவிலக்குகள் நீங்கலாக, 2026 ஜனவரி முதலாம் நாள் தொடக்கம் பத்தாண்டு வதிவிட அட்டைக்குப் பிரெஞ்சு மொழியில் ‘பி1’ தரமும், குடியுரிமைக்கு ‘பி2’ தரமும் வேண்டும். முன்னர் முறையே ‘ஏ2’, ‘பி1’ என்றிருந்தவை ஒவ்வொரு படி உயர்ந்துவிட்டன. பாரிசில் இயற்றிய சட்டமேயெனினும், பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் அதற்கு அகப்படும் குடும்பங்கள் எத்தனை! கணவன் அங்கே, மனைவி இங்கே. தமையன் அங்கே, தம்பி இங்கே.

ஆதலால் வன்னி இளைஞர் பிரெஞ்சு படிக்க முற்படுகின்றனர். எங்கே படிப்பது? கொழும்பிலே அலியான்ஸ் பிரான்சேஸ் உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தில் அம்மொழி கற்பிக்கப்படுகிறது. உயர்தரப் பரீட்சையிலும் அது ஒரு பாடமே. முல்லைத்தீவுக் கமக்காரனின் மகளுக்கு இவற்றால் ஆவதென்ன? அவளுக்கு எட்டுவன கைத்தொலைபேசியும் இணையமுமே.

இணையத்தில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆர்.எஃப்.ஐ. வானொலி பத்து நிமிடச் செய்தியை எளிய பிரெஞ்சில் வழங்குகிறது. ஒலியோடு எழுத்துவடிவும் கிடைக்கும். டிவி5மோந்த் தொலைக்காட்சி ‘ஏ1’ முதல் ‘பி2’ வரை தரம் பிரித்து இலவசப் பயிற்சிகளை வைத்திருக்கிறது. இரணைமடு நிரம்பிக் கிடக்கிறது. எமது வயலுக்குத்தான் வாய்க்கால் இல்லை. தொடக்க மாணாக்கர்க்கான விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ அமைந்திருக்கின்றன. தமிழ்மொழி மூலம் பயின்ற பிள்ளை, ஒரு மொழியைப் படிக்க இரண்டு மொழிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

இதில் வேடிக்கையும் உண்டு. பிரெஞ்சில் ‘தியூ’ என்றால் நீ. ‘வூ’ என்றால் நீங்கள். ‘யூ’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் ஆங்கிலேயனுக்கு இது பெரும் சங்கடம்; ஆகவே பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். நமது பிள்ளைக்கோ அது பாலோடு ஊறிய மரியாதை. ஒரு வரி போதும். மறுபுறம், நமக்கு இடறும் இடத்தை அந்நூல்கள் தொடுவதேயில்லை. மீனையும் பானத்தையும் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘புவாசோன்’ என்றே வரும். முதலெழுத்தின் ஒலிப்பே வேறுபாடு. அதை நமது நெடுங்கணக்கு காட்டாது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று கேட்டவுடன், அஃறிணைக்கு அவ்வாறு பால் பகுத்தறியாத நமது மாணாக்கன் திகைப்பான். திணையும் பாலும் அறிந்த தமிழாசிரியர் ஒருவர் அரைமணி நேரத்தில் தீர்த்துவைக்கக்கூடிய திகைப்பு அது.

பிரெஞ்சுக்காரர் தமக்கு இந்த வசதியை என்றோ செய்துகொண்டனர். 19ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பாதிரிமார் மூசேயும் துப்புயியும் தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்தனர். 1903இல் ழூலியன் வேன்சோன் பாரிசில் தமிழ்க் கைநூல் வெளியிட்டார். தமிழ் கற்க விரும்பிய பிரெஞ்சுக்காரன் தன் மொழியிலேயே விளக்கம் பெற்றான்.

“ஊரைவிட்டு ஓடுவதற்கா வழிகாட்டுகிறீர்கள்?” என்று கேட்போர் உளர். மண் வெறுமையாகிறதே என்ற அவர்தம் கவலை எமக்கும் உண்டு. ஆனால் போகிறவர் மொழி தெரியாமலும் போகவே செய்கிறார். போய், வாசிக்க முடியாத பத்திரத்தில் கையொப்பம் இடுகிறார். தெரியாத மொழியில் வந்த அரசாங்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எத்தகைய அவமதிப்பு என்பதை, 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்திற்குப் பின் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

எமது கோரிக்கை பெரிதன்று. பாரிசில் படித்து வளர்ந்த நமது இளைஞர் இரு மொழியும் அறிவர். வன்னியில் அனுபவமிக்க தமிழாசிரியர் உளர். இருவரும் சேர்ந்து, தமிழில் விளக்கிய தொடக்கப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து, யாவரும் இலவசமாகப் பெறும்படி இணையத்தில் இடுக. வவுனியாப் பல்கலைக்கழகம் அவற்றைச் சரிபார்த்து உதவலாம். வட மாகாணக் கல்வி அமைச்சு செய்யவேண்டியது ஒன்றே: பாடசாலைக் கணினி அறைகளை மாலை வேளைகளில் பூட்டி வைக்காதிருப்பது.