நாற்காலிக்குப் பொற்கால்

இப்போதெல்லாம் மணமக்களை மணையில் உட்கார வைப்பதோடு விடுவதில்லை. மாலையில் வரவேற்பு என்று ஒன்று உண்டு. அதற்கென்று ஒரு சிம்மாசனமும் உண்டு. திருச்சி மன்னார்புரம் பக்கத்து மண்டபம் ஒன்றில் அப்படி ஒரு சிம்மாசனத்தைப் பார்த்தேன். நாலு காலும் சிங்கக் கால். நகம் வரையில் யாரோ சிரத்தையாகச் செதுக்கியிருந்தார்கள். அதன்மேல் பொன்வர்ணம் என்ற பெயரில் ஒரு பூச்சு. பூச்சு என்றா சொன்னேன்? அபிஷேகம்! உளி போன தடமெல்லாம் தூர்ந்து கிடந்தது. வாடகைக்கு விட்டவரைக் கேட்டேன்.

"தங்க ரேக்கு ஒட்டினால் கட்டுப்படியாகுமா, ஸார்? காலை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

இந்த இரண்டு கேள்விகளோடுதான் எனக்குச் சண்டை.

தங்க ரேக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 10,000-இல் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிசாக அடித்தால் ஒரு கிராம் தங்கம் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டரை மூடும். 45 சென்டிமீட்டர் உயரமும் 20 சென்டிமீட்டர் சுற்றளவும் உள்ள நாலு கால்களுக்கு அது போதும். செதுக்கின் மேடு பள்ளத்துக்கும் சேதாரத்துக்கும் இன்னொரு கிராம் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை விரலில் போடுகிற அரைப்பவுன் மோதிரத்தில் பாதிதான் ஆயிற்று! செலவெல்லாம் கைக்கூலியில் இருக்கிறது. கட்டுப்படியாகாது என்கிறபோது நாம் பிடித்தம் செய்வது அந்தக் கூலியைத்தான்.

அந்தக் கை செய்கிற வேலை லேசானதா? ஐரோப்பியத் தச்சர்களின் முறையைச் சொல்கிறேன். மரத்துக்கு முதலில் பசைநீர் ஊட்ட வேண்டும். சுண்ணப் பொடியையும் பசையையும் குழைத்துப் பல தடவை பூசி, காயவிட்டு, வழவழவென்று தேய்க்க வேண்டும். அதில் மூடிப்போன செதுக்கை நுண்ணிய கருவியால் மறுபடி திறக்க வேண்டும். பிறகு செங்களிமண் பூச்சு. அதை நனைத்து, மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும் ரேக்கைத் தூரிகையால் எடுத்துப் படியவைக்க வேண்டும். கடைசியில் பதம் பார்த்து, அகேட் கல்லால் மேடுகளை மட்டும் மெருகிட்டு, பள்ளங்களை மங்கலாகவே விட வேண்டும். சிங்கத்துக்கு உயிர் வருவது அப்போதுதான். தஞ்சாவூர்ப் படம் எழுதுகிறவர்களும் சுண்ணக் கலவையை மேடாக்கி அதன்மேல் 22 காரட் ரேக்குதான் ஒட்டுகிறார்கள். வித்தை நமக்கு அந்நியமில்லை.

டப்பாப் பொன்னில் இருப்பதோ பித்தளைப் பொடி, அல்லது அப்பிரகப் பொடி. பித்தளை நாளாவட்டத்தில் கறுக்கும். கறுத்ததும் மேலே இன்னொரு கோட்டிங். நகத்தின் மேல் இன்னொரு சேறு.

காலை யார் பார்க்கிறார்களாம்! எகிப்தில் 1922-இல் கண்டெடுத்த துட்டன்காமன் கல்லறைச் சிம்மாசனத்துக்கும் சிங்கக் கால்தான். மரத்தின்மேல் தங்கத் தகடு. 3,000 வருஷத்துக்கு மேல் இருட்டில், பார்ப்பாரில்லாமல் கிடந்தது. பாதம் பாதமாகவே இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? காவேரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்து விமானத்துக்கு 13-ஆம் நூற்றாண்டில் முதலாம் ஜடாவர்மன் சுந்தரபாண்டியன் பொன் வேய்ந்தான். அந்தக் காரியத்தையே பட்டப்பெயராகவும் தரித்துக்கொண்டான். டப்பா வர்ணம் அடித்திருந்தால் என்ன பட்டம் வைத்துக்கொண்டிருப்பானோ!

தங்கத்துக்கு வக்கில்லையா? பாதகமில்லை, எனக்கும் இல்லை. மரத்தை மரமாகவே விடுங்களேன். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊர்ப் பெயரைக் காப்பாற்றும். டப்பாவும் பிரஷ்ஷுமாக வருகிற ஆசாமியைத் தடுக்காது. அதை வாடகைக்கு எடுக்கிற நாம்தான் தடுக்க முடியும். தேக்கானாலும் வாகையானாலும் எண்ணெய் தடவித் துடைத்த கால்தான் வேண்டும் என்று கேளுங்கள். நகமாவது தெரியும்; செதுக்கியவனுக்கு அடுத்த வேலையும் வரும்.