செக்கும் பேனாவும்

எழுதத் தெரியாதவர் என்று இன்று தமிழ்நாட்டில் யாரும் தம்மைச் சொல்லிக் கொள்வதில்லை. ஆனால் பணம் வேண்டி ஒரு பாங்கிக்கு நாலு பக்கம் எழுத வேண்டிய சந்தர்ப்பம் வரட்டும்; பட்டம் பெற்றவர்கூட, எழுதித் தருவதற்கு இன்னொருவரைத் தேடிப் புறப்பட்டு விடுகிறார்.

அந்த இன்னொருவர் கிடைப்பதும் கஷ்டமில்லை. விழுப்புரமாயினும் திண்டிவனமாயினும், சர்க்கார் ஆபீஸ் இருக்கும் வீதியில் கம்ப்யூட்டர் கடை ஒன்று இருக்கும். அங்கே "திட்ட அறிக்கை" தயாராகவே இருக்கிறது. ஆட்டுப் பண்ணைக்கு ஒன்று, அப்பளத்துக்கு ஒன்று, எண்ணெய்ச் செக்குக்கு ஒன்று. பெயரையும் விலாசத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது. மாற்றுகிறவர் சற்றே அசந்துவிட்டால், செக்கு அறிக்கையின் நடுவே கோழித் தீவனமும் வந்து புகுந்து கொள்ளும்.

இப்படி வாங்கிய அறிக்கையைப் பாங்கி தள்ளிவிட்டால் போனது கொஞ்சம் பணமும் சில நாட்களும்தான். பாங்கி அதை ஏற்றுக் கொண்டுவிட்டால்தான் ஆபத்து. கடைக்காரர் எழுதிய கணக்கை நம்பிக் கடன் வந்து விடுகிறது. ஆனால் மாதந்தோறும் தவணை கட்ட வேண்டியவர் கடைக்காரர் அல்ல! ஆகவே நேயர்களுக்கு நாம் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: தொழில் விண்ணப்பத்தின் முதல் வாசகர் பாங்கி மானேஜர் அல்ல, எழுதுகிறவரும் அவர் குடும்பத்தாருமே. அவரிடம் பணம் பெறுவதற்கு முன்னால், நமக்கு நாமே உண்மையைச் சொல்லிக் கொள்வதற்காக ஏற்பட்டது அந்த நாலு பக்கம்.

* * *

திண்டிவனத்தில் ஒரு குடும்பம் மரச்செக்கு வைக்க எண்ணுகிறது என்று வைத்துக் கொள்வோம். அந்தப் பிரதேசத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது. அங்கே விளைந்த மல்லாட்டை ஒரு காலத்தில் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்ஸ் தேசத்து மார்ஸேய் நகரத்தின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. 1879-இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. விளைவித்தது நாம், பிழிந்து லாபம் கண்டது மார்ஸேய். பிற்காலத்தில் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தார் கண்ட ரகங்கள் "டி.எம்.வி." என்று அந்த ஊரின் பெயரையே சுமந்துகொண்டு பல ராஜ்யங்களின் வயல்களுக்குச் சென்றன. இப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பம் தானே செக்கு வைத்து எண்ணெய் பிழிய நினைப்பது மிகவும் நியாயமான ஆசை.

அந்த ஆசையைக் கடை அறிக்கை எப்படி எழுதும் தெரியுமா? "பொதுமக்களின் ஆரோக்கியத்தைக் கருத்திற் கொண்டு, உயர்ந்த தரத்தில், நியாயமான விலையில், பெருகிவரும் தேவையைப் பூர்த்தி செய்யும் பொருட்டு..." என்று தொடங்கி, ஒரு பக்கம் முழுவதும் ஓடும். இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படித்தபின், படித்தவருக்கு முன்பு தெரியாத ஒரு விஷயமாவது தெரிந்ததா என்றால், இல்லை. செக்கு என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சீப்பு என்று போட்டாலும் அந்தப் பக்கம் அப்படியே நிற்கும். எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற வாக்கியம் எந்தப் பொருளையும் பற்றியது அல்ல.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். செக்கு நாள் ஒன்றுக்கு 100 கிலோ மல்லாட்டைப் பருப்பு ஆட்டும் என்று வைத்துக் கொள்வோம். அவ்வளவு பருப்புக்குத் தோலோடு 140 கிலோவுக்கு மேல் காய் வேண்டும். மரச்செக்கில் பருப்பின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு எண்ணெய் இறங்கும். எண்ணெய் நீரைவிட இலேசானபடியால், 40 கிலோ எண்ணெய் என்பது சுமார் 44 லிட்டர். மாதத்தில் 25 நாள் ஆட்டினால் 1,100 லிட்டர். ஒரு குடும்பம் மாதம் 3 லிட்டர் வாங்கும் என்றால், அவ்வளவையும் விற்க ஏறக்குறைய 370 குடும்பங்கள் வேண்டும்.

"பெருகிவரும் தேவை" என்ற அழகான சொற்றொடர் இங்கேதான் முழி பிதுங்கி நிற்கிறது. அந்த 370 குடும்பங்கள் எங்கே இருக்கின்றன? இன்று இவர்களிடம் எண்ணெய் வாங்குகிறவை 60 வீடுகள்தான் என்றால், விற்பனை 180 லிட்டர்; செக்கு மாதத்தில் நாலு நாள் ஓடும், மற்ற நாட்களில் சும்மா நிற்கும். அந்த நாட்களில் குடியானவர்கள் கொண்டு வரும் மல்லாட்டையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுக்கலாமா? புண்ணாக்கை மாடு வளர்ப்பவர்களுக்கு நேரே விற்கலாமா? சிறிய செக்கே போதுமா? கணக்கு எழுதியதனால் எழுந்த கேள்விகள் இவை. வர்ணனை எழுதியிருந்தால் ஒரு கேள்வியும் எழுந்திராது.

இன்னொரு கணக்கும் உண்டு. மல்லாட்டை அறுவடைக் காலத்தில்தான் மலிவு. எண்ணெயோ வருஷம் முழுவதும் விற்க வேண்டும். நாலு மாதத்துக்குப் பருப்பு வாங்கி வைப்பதென்றால் 10,000 கிலோ. கணக்குக்காகக் கிலோ 100 ரூபாய் என்று கொண்டால், 10 லட்சம் ரூபாய் மூட்டைகளாக அடுக்கிக் கிடக்கும். யந்திரத்துக்கும் கொட்டகைக்கும் கடன் கேட்டுவிட்டு, சரக்குக்குப் பணம் கேட்க மறந்து, பிறகு கந்து வட்டிக்குக் கைநீட்டிய தொழில்கள் எத்தனையோ! இந்த மறதியைப் பிடித்துக் காட்டுவது விண்ணப்பத்தின் தலையாய வேலை.

* * *

ஆகவே, விண்ணப்பம் எழுதும் முறை யாது? முதற் பக்கத்தின் முதற் பாராவிலேயே, நீங்கள் யார், என்ன தொழில், எந்த ஊர், மொத்தச் செலவு எவ்வளவு, கைப்பணம் எவ்வளவு, கேட்கும் கடன் எவ்வளவு, எத்தனை வருஷத்தில் திருப்பிக் கொடுப்பீர்கள் என்பதெல்லாம் வந்துவிட வேண்டும். மானேஜர் மர்மக் கதை வாசிக்க உட்காரவில்லை. கடைசி அத்தியாயத்தை முதலில் சொல்லிவிட்டால் அவர் கோபித்துக் கொள்ள மாட்டார்.

அடுத்து, இந்தத் தொழிலில் உங்களுக்குள்ள அநுபவம். "மூன்று வருஷமாக வீட்டிலிருந்தே எண்ணெய் வாங்கி விற்கிறோம், 60 வீடுகள் வாடிக்கை, விற்பனை நோட்டு இணைத்திருக்கிறோம்" என்ற ஒரு வரி, பத்துச் சிறப்பு அடைமொழிகளுக்குச் சமம். யந்திரத்தின் விலையை உத்தேசமாக எழுதாதீர்கள்; இரண்டு மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கிச் சேருங்கள். மல்லாட்டையின் விலைக்குத் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் இருக்கின்றன. ஒரு வாரம் அங்கே போய் நின்று, நாள் விலையைக் குறித்து வாருங்கள். மின்சார இணைப்பு, உணவுப் பாதுகாப்பு உரிமம், கட்டடத்தின் வாடகைப் பத்திரம் முதலியவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும்.

பிறகு திருப்பிக் கொடுக்கும் விஷயம். வருஷத்தில் அசலும் வட்டியுமாக 1 லட்சம் ரூபாய் கட்ட வேண்டுமானால், தொழிற் செலவெல்லாம் போக ஒன்றரை லட்சமாவது கையில் நிற்கிறதா? அதில் குடும்பம் சாப்பிடுவதற்கு எடுத்துக் கொள்வது எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வியைப் பல அறிக்கைகள் கேட்பதேயில்லை. தொழில் தொடங்கிய வீட்டார் வருஷம் முழுவதும் காற்றைக் குடித்து வாழ்வார்கள் போலும்!

எவ்வளவு கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். 2008-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி வேலை வாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், உற்பத்தித் தொழிலுக்கு 25 லட்சமாக இருந்த திட்டச் செலவு வரம்பு 2022-இல் 50 லட்சமாக உயர்ந்தது. 2015-இல் வந்த முத்ரா கடனுக்கு முதலில் 10 லட்சம் வரம்பு; முன் கடனைச் சரிவரத் தீர்த்தவர்களுக்கு அது 20 லட்சமாகும் என்று 2024-இல் அறிவித்தார்கள். வரம்பு என்பது பாங்கி தரக்கூடிய உச்சம். நாம் கேட்டே ஆக வேண்டிய தொகை அல்ல. பந்தியில் எவ்வளவு பரிமாறினாலும், வயிறு நம்முடையது.

* * *

பெரிய கனவுக்கும் தெளிவான கணக்குக்கும் பகை இல்லை என்பதை நம் தேசச் சரித்திரமே சொல்லும். 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். வெள்ளைக்காரர் கையிலிருந்த கடலைத் திரும்பப் பெறும் கனவு அது. ஆனால் ஜனங்களிடம் அவர் வைத்த யோசனை எவ்வளவு திட்டமாயிருந்தது! மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்குகள் 40,000, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். தேசத்துக்காகத் தம்மிடம் கேட்கப்படுவது இன்னது என்று யாரும் அறிந்துகொள்ள முடிந்தது.

அந்தக் கம்பெனியின் பின் கதையிலும் நமக்குப் பாடம் உண்டு. எதிரிக் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்தது. 1908-இல் சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அத்தனை பெரிய சோதனை நம்முடைய செக்குக்கு வராமல் இருக்கட்டும். ஆயினும், "எதிர்க் கடைக்காரர் லிட்டருக்கு 20 ரூபாய் குறைத்தால் என்ன செய்வோம்?" என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் ஒரு பாரா இருக்கத்தான் வேண்டும்.

மழைக்கும் ஒரு பாரா வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 10 லட்ச ரூபாய்ச் சரக்கைத் தரையில் அடுக்கியிருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும்? மூட்டைகளை எந்த உயரத்தில் அடுக்குவது, சரக்கை இன்ஷ்யூர் செய்வதா இல்லையா என்று முன்கூட்டியே எழுதியவரை மானேஜர் பயந்தவர் என்று நினைக்க மாட்டார். பணத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர் என்றுதான் நினைப்பார்.

* * *

கடன் ஒன்றும் வேண்டாத, ஆனால் எழுத வேண்டும் என்ற ஆவல் மட்டும் உள்ள இளைஞர்களும் யுவதிகளும் நம் நேயர்களில் பலர். "எங்களுக்கு என்ன யோசனை?" என்று அவர்கள் கேட்கலாம். அவர்களுக்கும் இதே யோசனைதான். புதிதாக எழுதுகிறவர், "இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் ஊர்" என்று தொடங்குவது, கடை அறிக்கையின் "பொதுமக்களின் ஆரோக்கியம்" போன்றதே. விழுப்புரம் ரயில் சந்திப்பில் ஐந்து திசைகளிலிருந்து தண்டவாளங்கள் வந்து கூடுகின்றன. அங்கே விடியற்காலையில் ஒரு மணி நேரம் நின்று, யார் யார், எந்த ஊர்ப் பேச்சுடன், என்ன மூட்டையுடன் இறங்குகிறார்கள் என்று எழுதட்டும். எழில் தானே வந்து கொஞ்சும்.

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில்தான் புதுச்சேரி இருக்கிறது. அங்கே தியூப்ளே கவர்னராக இருந்த காலத்தில் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, வியாபாரி. வித்வான் என்று பெயர் வாங்க எழுதியவர் அல்லர். 1736 முதல் 1761 வரை, வந்த கப்பல், போன சரக்கு, கேட்ட பேச்சு, நடந்த சண்டை எல்லாவற்றையும் தேதியிட்டுத் தமிழில் குறித்து வைத்தார். அவர் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின், 1846-இல் அந்த நாட்குறிப்பு வெளிச்சத்துக்கு வந்தது. 1904 முதல் 1928 வரை 12 பாகங்களாக இங்கிலீஷில் வெளியாயிற்று. அந்தக் காலத்துச் சரித்திரம் எழுதப் புகுவோர் இன்றும் அவரிடம் போய்க் கை கட்டி நிற்கிறார்கள். அன்று கப்பல் வந்தது என்று எழுதியவர் இன்றும் வாழ்கிறார். அன்றைய கவர்னரைப் புகழ்ந்த அடைமொழிகளைத் தேடுவார் இல்லை.

சொற்களும் அப்படியே. சென்னையில் வேர்க்கடலை, பாரங்களில் நிலக்கடலை. விழுப்புரத்துக் குடியானவர் வாயில் அது மல்லாட்டை. மணிலாக் கொட்டை என்பதன் மருவு அது. கடல் கடந்து வந்த சரித்திரத்தை அந்த ஒரு சொல் மடியில் கட்டி வைத்திருக்கிறது. கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்து 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணன், தம் கரிசல் நாட்டுப் பேச்சு வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்து 1982-இல் வெளியிட்டார். பிறந்த மண்ணின் சொல்லை எழுதக் கூச்சப்படுவோர் அவரை நினைத்துக் கொள்ளட்டும்.

* * *

இந்த வாரம் நேயர்கள் செய்து பார்க்க வேண்டியது ஒன்றுதான். விண்ணப்பமோ கட்டுரையோ, எழுதியதை எடுத்து வைத்துக் கொண்டு, எண்ணிப் பார்த்ததும் கண்ணால் கண்டதும் எந்தெந்த வரியில் இருக்கின்றன என்று கோடிடுங்கள். கோடு விழாத வரிகளை அடித்துவிடுங்கள். மிஞ்சியதை, வீட்டில் வரவு செலவு பார்க்கும் அம்மாளிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். "இந்த 370 வீடு எங்கே இருக்கிறது?" என்று அவர் கேட்டால், கோபித்துக் கொள்ளாமல் அந்த இடத்தைத் திருத்துங்கள். பாங்கி கேட்கப் போகும் கேள்வியை வீட்டிலேயே, வட்டியில்லாமல், கேட்டுத் தந்திருக்கிறார்.